தீயில் வெட்டிய ஸ்பிரிங்

கோணவாயனுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஒரு ஸ்பிரிங்.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. காரின் முன்சக்கரத்துக்கு மேலே நின்று வண்டியின் பாரத்தைத் தாங்குகிற அந்தத் தடித்த சுருளைக் கழற்றுவதற்காக, இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி இறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கொக்கி வழுக்கியது. அவ்வளவுதான். சுருள் துள்ளி வந்து அவன் தாடையில் ஒன்று வைத்துவிட்டு, மேலே போய்க் கூரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு வெளியே விழுந்தது. பல் நாலு போயிற்று. தாடை இரண்டு துண்டு. வாயைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் குழாய் வைத்து உறிஞ்சியே உயிரை ஓட்டினான். எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. அன்றிலிருந்து அவன் முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒருபக்கமாகவே இருக்கும்.

வேறு யாராக இருந்தாலும் தொழிலை மாற்றியிருப்பார்கள். அவன் கட்டு அவிழ்த்த மறுநாளே அதே பட்டறைக்குப் போனான். அதே ஸ்பிரிங்கைத் தேடி எடுத்துத் துடைத்து, அதே காரில் மாட்டினான். பிடிவாதக்காரன். ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷத்தில் அழுத்தி வைத்த ஸ்பிரிங்குக்கு எதிரே அவன் முகத்தைக் காட்டியதே இல்லை. பக்கவாட்டில் நின்றுதான் இறுக்குவான். மனிதர்களோடும் அப்படியே பழகிப்போனான். கோபத்தில் இருக்கிறவனுக்கு எதிரே நிற்கமாட்டான், ஓரமாக ஒதுங்கிக்கொள்வான். அதுதான் பிறகு வினையாகப் போயிற்று.

அவனுடைய பட்டறை, ஏழு பட்டறைகள் ஒட்டி நிற்கிற ஒரு வரிசையில் கடைசியில் இருந்தது. பின்னால் ஓர் அறை. அதில்தான் சமையல், தூக்கம், எல்லாம். பக்கத்துப் பட்டறை டயர்க்காரருடையது. அறுபது வயது, வாய் மட்டும் பதினாறு.

"ஏம்பா, உனக்கு ஏன் கல்யாணம் ஆகல தெரியுமா?" என்பார். "பொண்ணு பாக்கப் போனா நீ பொண்ணைப் பாக்கற, உன் வாய் அவ தங்கச்சியைப் பாக்குது. எந்த வீட்ல ஒத்துக்குவாங்க?"

கோணவாயன் சிரிப்பான். அவன் சிரித்தால் ஒருபக்கம்தான் சிரிக்கும்.

காரைத் தாழ்த்துகிற வேலைக்கு அவனைத் தேடி நாலு ஊர் தள்ளியிருந்தெல்லாம் வருவார்கள். காரைத் தாழ்த்துவதே தப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் தெரியாமல் சொல்கிறார்கள். முறையாகச் செய்தால் அதைப் போல நல்லது கிடையாது. குட்டையான, ஆனால் பழையதைவிடக் கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டும். அதன் துள்ளலை அடக்கத் தோதான ஷாக் போட வேண்டும். கார் இறங்கும்போது சக்கரம் உள்பக்கமாகச் சாயும், அதை மறுபடி நிமிர்த்த வேண்டும். அதுவும் இரண்டு விரல் அளவுக்குத்தான் இறக்க வேண்டும். அப்படிச் செய்த கார் வளைவில் சாயாது. கீரிப்பிள்ளை மாதிரி தரையை ஒட்டிக்கொண்டு திரும்பும்.

இன்னொரு வழி இருக்கிறது, சோம்பேறிகளின் வழி. வண்டியில் இருக்கிற ஸ்பிரிங்கையே கேஸ் தீயில் காட்டி, இரண்டு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு மாட்டிவிடுவது. கார் தரையில் உட்கார்ந்துவிடும், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் தீ பட்ட இரும்பு தன் குணத்தை விட்டுவிடும். குட்டைச் சுருள் அதன் இருக்கையில் ஒழுங்காக நிற்காது. மேட்டிலிருந்து இறங்கி சக்கரம் ஒரு நொடி தொங்கினால் போதும், நகர்ந்துவிடும். பள்ளம் வந்தால் கார் அமுங்குவதற்கு இடமே இருக்காது. கடைசித் தடுப்பாக வைத்திருக்கிற ரப்பர் கட்டையில் போய் நேராக இடிக்கும். ஸ்பிரிங்கே இல்லாத கட்டைவண்டி மாதிரிதான். நேர் ரோட்டில் இதெல்லாம் தெரியாது. வளைவில் தெரியும்.

இந்த இரண்டாவது வேலையை அவன் யாருக்கும் செய்ததில்லை. கேட்டு வருகிறவனிடம், "வேற கடை பாருங்க" என்பான். அவன் கொடுக்கிற அதிகபட்ச விளக்கம் அது.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. அவன் கை வைத்த எந்தக் காரையும் முதலில் அவன்தான் ஓட்டுவான். சொந்தக்காரர் பக்கத்துச் சீட்டில் உட்கார வேண்டும். வரிசை முடிகிற இடத்தில் ஐஸ் தொழிற்சாலையின் நீளச் சுவரை ஒட்டி ஒரு ரோடு போகிறது. அதில் இரண்டு வேகத்தடை, அப்புறம் ஒரு கொண்டை வளைவு. போய் வந்த பிறகுதான் சாவி கை மாறும். டாக்டர் கார், போலீஸ் கார், எதற்கும் இதில் விலக்கு இல்லை.

இவ்வளவு கறாரானவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கோழை. அது அவன் தங்கை விஷயம்.

தங்கை அவனுக்குப் பதினோரு வயது இளையவள். அவளுடைய ஒன்பதாவது வயதில் அப்பா அம்மா இருவரும் ஒரே பஸ் விபத்தில் போய்விட்டார்கள். அந்தப் பட்டறையின் பின்னறையில்தான் அவளை வளர்த்தான். ஸ்பானர் நம்பரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். எந்த நட்டு எந்தக் காருக்கு என்று அவளுக்குத் தெரியும். இருபத்தி நாலு வயதில் கல்யாணம் செய்து கொடுத்தான்.

மாப்பிள்ளை தரைக்கல் விற்கிற ஒரு பெரிய கடையில் விற்பனையாளன். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, மணக்க மணக்கப் பேச்சு. கடைக்கு வருகிற பெண்கள் எல்லாம், "எவ்வளவு பொறுமையா எடுத்துக் காட்டறார்" என்பார்கள். அந்தப் பொறுமை கடையோடு சரி. வீட்டுக்குள் வந்தால் அவன் கைதான் பேசும்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் தங்கை காதில் ரத்தத்தோடு வந்தாள். கோணவாயன் டீ போட்டுக் கொடுத்தான். பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டான். பிறகு சொன்னான்:

"மாப்பிள்ளை கோபக்காரர். கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா."

அடுத்த வருஷம் முன்பல் ஒன்று உடைந்து வந்தாள். மகள் வயிற்றில் இருந்தாள் அப்போது. அன்றைக்கும் டீ. "விடு, எனக்கு நாலு போயிருக்கு, உனக்கு ஒண்ணுதான்" என்று சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள். அதற்குப் பிறகு அடி பட்டால் அவளாக வந்து காட்டுவதில்லை, கேட்டால்தான் சொல்வாள். இவனும் கேட்பதில்லை.

இப்படியே ஆறு வருஷம்.

மாப்பிள்ளை ஒரு பழைய கார் வாங்கினான். கறுப்பு அடித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தாழ்ந்த கார் வைத்திருக்கிற ஆட்கள் ஒன்றுகூடி வரிசையாக நிறுத்திவைத்துப் பெருமை பேசுகிற மைதானம் ஒன்று இருந்தது. அங்கே போய் வந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று.

"மச்சான், காரைத் தரையில உக்கார வைக்கணும். ரெண்டு சுத்து வெட்டிடுங்க."

"வெட்டக்கூடாது மாப்ள. குட்டை ஸ்பிரிங் செட் வரவழைச்சுப் போடலாம். ரெண்டு விரல் இறங்கும்."

"ரெண்டு விரலா? அதுக்கு நான் நாலு பேரைக் காருக்குள்ள உக்கார வெச்சுட்டுப் போலாமே. டயருக்கு மேல ஒரு விரல்கூட நுழையக் கூடாது. வெட்டுங்க."

"அந்த வேலை நான் செய்யறதில்ல."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் போனான். மறுநாள் கோணவாயன் மருமகளைப் பார்க்கப் போனபோது, தங்கை ஒரு கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மற்றொரு கை மணிக்கட்டில் வீங்கித் தொங்கியது.

"இது எப்ப?"

"நேத்து. நீ மாட்டேன்னியாம். உங்க அண்ணன் என்னை மதிக்கலன்னு சொல்லிட்டே முறுக்கினார்."

தன் வாயிலிருந்து போன ஒரு சொல் அவள் கையில் போய் இறங்கியிருக்கிறது. இருந்தும் மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை மறுபடி கேட்டபோது, பழக்கதோஷம், "அது சரிப்படாது மாப்ள" என்றுதான் வந்தது. அந்தத் தடவை விலா எலும்பு. அவள் மூச்சு விடும்போது முகம் சுருங்குவதை, மருந்துக்கடை வாசலில் நின்று டயர்க்காரர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"உன் தங்கச்சி நாய் இளைக்கற மாதிரி மூச்சு விடுதுப்பா. நீ இங்க நட்டு எண்ணிட்டு உக்காந்திருக்க."

"நான் என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டா? நான் டயர்க்காரன். காத்துப் போனா அடிச்சு விடத்தான் தெரியும். ஆனா ஒண்ணு, ஓட்டையை அடைக்காம அதே டயரைத் திரும்பத் திரும்ப ரோட்டுக்கு அனுப்பி வைக்க மாட்டேன்."

கோணவாயன் நட்டு டப்பாவை மூடினான். அன்று மதியம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டான். "கொண்டு வாங்க மாப்ள. நீங்க சொன்னபடியே செஞ்சுடலாம்."

சனிக்கிழமை பகலில் வேலை நடந்தது. கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நீலத் தீயைப் பற்றவைத்தபோது டயர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, தீயை எடுக்கிற? நீயா?"

"கேட்டிருக்காரு."

"எவன் கேட்டாலும் துரத்துவியே."

"இவரு என் மாப்பிள்ளை."

கேட்டது இரண்டு சுற்று. வெட்டியதும் இரண்டே சுற்று. அதற்கு மேல் ஒரு நூல் கூட இல்லை. வெட்டுண்ட வளையங்கள் செக்கச்செவேலென்று சிமெண்டுத் தரையில் விழுந்து, கறுத்து அடங்கின. பழைய ஷாக்கையே திரும்ப மாட்டினான். சக்கரச் சாய்வைத் தொடவில்லை. கேட்டதைச் செய்கிறேன், கேட்டதைத்தான் செய்கிறேன் என்று கை வேலை செய்ய மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஐஸ் தொழிற்சாலை வளைவு கண் முன்னால் வந்து வந்து போயிற்று. மாப்பிள்ளை தனியாக ஓட்டுகிறவன், வேகமாக ஓட்டுகிறவன். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை அவன் மனசுக்குள்கூட முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாவிட்டால் மட்டும் தெரியாதா? தெரியும்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்தான். தனியாக வரவில்லை. மைதானத்தில் எல்லாரும் குடும்பத்தோடு வருகிறார்களாம். தங்கையையும் நாலு வயது மகளையும் புதுத்துணி உடுத்திக் கூட்டிவந்திருந்தான்.

கோணவாயன் எண்ணியிருந்தது ஓர் ஆளை, வந்தது மூன்று பேர். கையில் சாவி.

மாப்பிள்ளை காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயருக்கு மேலே விரலை நுழைத்துப் பார்த்தான். நகம்கூட நுழையவில்லை.

"இதைத்தானே மச்சான் ஒரு மாசமாக் கேக்கறேன். இப்ப மட்டும் எப்படி மனசு வந்துச்சு?" டயர்க்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். "வீட்ல ரெண்டு போட்டாத்தான் எங்க மச்சானுக்குக் காது கேக்குது."

டயர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோணவாயன் சாவியை நீட்டினான்.

"அண்ணே," என்றாள் தங்கை. "நீ ஓட்டிப் பாத்தியா?"

அவன் துணியில் கையைத் துடைத்தான்.

"கேக்கறேன்ல. ஓட்டிப் பாத்தியா இல்லையா?"

"அவருக்கு அவசரமாப் போகணும்."

"நான் அவசரம்னு சொல்லவே இல்லையே," என்றான் மாப்பிள்ளை.

தங்கை குனிந்து முன்சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தாள். அந்தப் பட்டறையில் வளர்ந்தவள் அவள். சுருளின் முனையில் தீ தின்ற கறுப்பு தெரிந்தது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பிறகு மகளைத் தூக்கி டயர்க்காரர் கையில் கொடுத்தாள்.

"மாமா, இவளைக் கொஞ்சம் வெச்சுக்குங்க."

போய்க் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாக அண்ணனையே பார்த்தாள். மாப்பிள்ளை ஏறி என்ஜினைக் கிளப்பினான்.

கோணவாயன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

"இறங்கு."

"எதுக்கு?"

"இறங்குன்னா இறங்கு."

"எதுக்குன்னு சொல்லு. அவருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அவன் தாடை அசைந்தது.

"இந்தக் கார் வளைவுல நிக்காது. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

மாப்பிள்ளைக்குப் புரிய இரண்டு மூச்சு பிடித்தது. புரிந்ததும் அவன் கை முதலில் போனது பக்கத்தில் இருந்தவள் மேல்தான். புறங்கையால் வாயில் ஒன்று. உதடு கிழிந்து புதுத்துணியில் ரத்தம் சொட்டியது.

"நீயும் கூட்டா? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து எனக்குக் குழி வெட்டறீங்களா?"

இரண்டாவது அடி விழுவதற்குள் கோணவாயன் அவளைக் கைப்பிடித்து வெளியே இழுத்துவிட்டான். இருவரும் சரளையில் விழுந்தார்கள். மாப்பிள்ளை சுற்றி வந்தான். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஜாக்கிக் கம்பி அவன் கையில் இருந்தது. முதல் வீச்சு தோளில் இறங்கியது. கழுத்தெலும்பு முறிகிற சத்தம் டயர்க்காரருக்கே கேட்டது. இரண்டாவது வீச்சு முதுகில். தங்கை குறுக்கே விழுந்து கம்பியைப் பிடித்தாள். அவளை வயிற்றில் உதைத்துத் தள்ளினான். டயர்க்காரர் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, "விடுடா பாவி, செத்துருவான்டா" என்று கத்திக்கொண்டே இருந்தார். மற்றப் பட்டறைகள் ஞாயிறு என்று பூட்டிக் கிடந்தன.

"ஏறுடா," என்றான் மாப்பிள்ளை. கோணவாயனைச் சட்டையோடு பிடித்துத் தூக்கிச் சீட்டில் தள்ளினான். "எவன் வந்தாலும் ஓட்டிக் காட்டுவியாமே. இன்னிக்கு நான் ஓட்டறேன். நீ உக்காந்து பாரு. என் வண்டி நிக்குதா நிக்கலையான்னு பாத்துருவோம்."

கோணவாயன் இறங்கப் பார்க்கவில்லை. தங்கை வெளியே இருக்கிறாள், அது போதும் என்று இருந்துவிட்டான்.

கார் ஐஸ் தொழிற்சாலை ரோட்டுக்குத் திரும்பியது. தார் போட்டு ஒட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் ஸ்டியரிங் தானாக இழுத்தது. பழைய ஷாக்கால் குட்டைச் சுருளின் துள்ளலை அடக்க முடியவில்லை. வண்டி குதிரைக்குட்டி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முறிந்த எலும்பு உள்ளே உரசியது.

முதல் வேகத்தடையில் காரின் வயிறு தரையைக் கீறியது. தீப்பொறி பறந்திருக்கும். இரண்டாவதில் ஏறி இறங்கும்போது சக்கரம் ஒரு நொடி தொங்கியது. ணங் என்று ஒரு சத்தம். மாப்பிள்ளைக்கு அது வெறும் சத்தம். இவனுக்கு அது என்னவென்று தெரியும்.

"சுருள் நகந்துடுச்சு. நிறுத்துங்க மாப்ள."

"பயமா?"

"ஆமா. பயம்தான். நிறுத்துங்க."

மாப்பிள்ளை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையை மடக்கி அவன் தாடையில் குத்தினான். "கொல்லப் பாத்தியா? சொல்லுடா, கொல்லப் பாத்தியா?"

"ஆமா."

அந்த ஒரு சொல்லுக்கு மாப்பிள்ளை நிறுத்தியிருக்க வேண்டும். புத்தி உள்ளவன் நிறுத்தியிருப்பான். அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

கொண்டை வளைவின் முதல் பாதியைக் கார் அழகாகத் திரும்பியது. சாயவே இல்லை. "பாத்தியா," என்று மாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கினான். வளைவின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம், தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடியது. உயரமான கார் அதை விழுங்கிவிட்டுப் போகும். இது விழுங்க முடியாமல் ரப்பர் கட்டையில் போய் இடித்தது. முன்பக்கத்தில் அமுங்க இனி ஒன்றும் மிச்சமில்லை. டயர் தனக்கு மேலே இருந்த மட்கார்டு விளிம்பைக் கடித்து, ரப்பர் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருந்தது, கார் நேராகப் போனது. மாப்பிள்ளை பயந்து காலை எடுத்தான். எடுத்ததும் பாரம் முன்னால் சரிந்து, பின்பக்கம் வீசிக்கொண்டு வந்தது. கார் பக்கவாட்டில் போய், ஓட்டுகிறவன் கதவோடு, தொழிற்சாலைச் சுவரில் மோதியது.

கண்ணாடித் துண்டுகள் விழுந்து அடங்கிய பிறகு கோணவாயன் பார்த்தான். கதவு உள்ளே மடங்கி மாப்பிள்ளையின் தொடையை அழுத்தியிருந்தது. தொடையெலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது.

"மச்சான்," என்றான் மாப்பிள்ளை. குரல் குழந்தையுடையது மாதிரி இருந்தது. "விட்டுட்டுப் போயிடாதீங்க மச்சான்."

விட்டுவிட்டுப் போயிருந்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அவன் நினைத்ததும் அதுதானே. கோணவாயன் அசையாமல் இருந்தான். எவ்வளவு நேரம் என்று அவனாலும் பிறகு சொல்ல முடியவில்லை. பிறகு நன்றாக இருந்த கையால் தன் பெல்ட்டை உருவி, தொடையின் மேல்பக்கம் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினான். குத்து வாங்கிய தாடையில் இருந்த பற்களில் இன்னொன்று அந்த இழுப்பில் போயிற்று.

ஆஸ்பத்திரி நடைபாதையில், சுவரில் சாய்த்துப் போட்ட நீள பெஞ்சில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். கையைக் கழுத்தோடு கட்டியிருந்தது. மாப்பிள்ளையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, கால் இனி நேராக வராது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கை எதிரே நின்றாள். உதட்டில் மூன்று தையல்.

"உனக்காகத்தான்மா," என்றான்.

"எனக்காகன்னு சொல்லாத."

"பின்ன யாருக்காக?"

"உனக்கு அவர் எதிர்ல நின்னு ஒரு வார்த்தை பேச முடியல. அதுக்காக." அவள் சத்தம் போடவில்லை. தையல் இழுத்ததால் பாதி வாயால்தான் பேசினாள். "காதுல ரத்தத்தோட வந்தேன். டீ குடுத்தே. பல்லு போய் வந்தேன். அப்பவும் டீ. 'இங்கேயே இரு'ன்னு மூணு எழுத்து, நாலு எழுத்து, எத்தனை எழுத்தோ, அதைச் சொல்ல உனக்கு ஆறு வருஷம் வாய் வரல. ஒரு ஆளைக் கொல்ல மட்டும் கை வந்துச்சு."

அவன் தலை குனிந்தான்.

"நீ ஏன் காருல ஏறின?"

"ஏறலன்னா நீ சொல்லியிருப்பியா?"

நடைபாதையில் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். அதன் ஒரு சக்கரம் கோணிக்கொண்டு கிறீச்சிட்டது.

கான்ஸ்டபிள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பைகளையெல்லாம் தட்டினார். தலையிலேயே இருந்தது.

"யாரும்மா பேசறது?"

"நான் பேசறேன்," என்றாள் தங்கை.

முதலிலிருந்து சொன்னாள். காது, பல், மணிக்கட்டு, விலா, எது எந்த வருஷம், எந்த மாதம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். இன்றைக்கு வாயில் விழுந்ததைச் சொன்னாள், ஜாக்கிக் கம்பியைச் சொன்னாள். கான்ஸ்டபிள் மளமளவென்று எழுதினார்.

"சரி. கார் எப்படிம்மா மோதுச்சு?"

"ஸ்பிரிங்கைத் தீயில வெட்டி வெச்சிருந்துச்சு. வெட்டச் சொன்னது என் வீட்டுக்காரர். வெட்டினது இவர். ஆபத்துன்னு தெரிஞ்சே வெட்டினார்."

பேனா நின்றது. "இவர் உங்க அண்ணன்தானேம்மா?"

"ஆமா."

"அவர் பேரையும் எழுதணுமா?"

"எழுதுங்க. ஒருத்தரை மட்டும் சொன்னா அது பொய்யாயிடும்."

கான்ஸ்டபிள் கோணவாயனைப் பார்த்தார். "என்னய்யா, சரியா?"

"அவ சொல்றது சரிதான். ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

எழுதி முடித்து அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மறுநாள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், உள்ளே வைக்கத்தான் செய்வார்கள், எவ்வளவு நாள் என்று தனக்குத் தெரியாது என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்.

அவர் போனதும் தங்கை பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் இருந்தது.

"வீட்டுச் சாவியைக் குடு," என்றாள்.

அவனுக்கு உடனே விளங்கவில்லை.

"உன் பின்னறைச் சாவி. நானும் பிள்ளையும் எங்க போறது? அந்த வீட்டுக்கு இனி போக மாட்டேன். அவர் ஒத்தக் காலோட வந்தாலும் சரி, ரெண்டு காலோட வந்தாலும் சரி."

நல்ல கையைப் பைக்குள் விட்டான். வராத கோணத்தில் இருந்தது. முனகிக்கொண்டே எடுத்தான். அவள் உதவி செய்யவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"நான் வந்தப்புறமும் அங்கேயே இரு," என்றான்.

"அதை நீ வந்தப்புறம் பாத்துக்கலாம். எனக்கு இன்னும் கோபம் போகல. போகுமான்னும் தெரியல." சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "அடுப்பு எரியுதா?"

"ஒரு பக்கம் மட்டும் எரியும்."

"போதும்," என்று எழுந்து, வாசலில் காத்திருந்த டயர்க்காரரிடமிருந்து மகளை வாங்கிக்கொள்ளப் போனாள்.